வண்டுகடி நாட்கள்

ஏப்ரல் 6, சனி

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தொடை இடுக்கில் அரிப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் இன்னும் மூன்று பேர் ஆள் பார்க்காத நேரத்தில் அதே இடத்தைச் சொறிகிறார்கள், ஆனால் யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை.

ஜனவரியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். ஓரம் சிவந்து பொரிப்பொரியாக, நடுவில் சாதாரணத் தோல். மெடிக்கலில் போய் வண்டுகடி (படர்தாமரையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்றேன், கடைக்காரர் பார்க்கவும் இல்லை கேட்கவும் இல்லை, ஒரு டியூபை எடுத்து வைத்தார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, அடடா என்று இருந்தது. நிறுத்திய ஐந்தாம் நாள் திரும்பி வந்தது, முன்பைவிட அகலமாக. இப்போது நான்காவது டியூப். இடுப்பு வரை ஏறிவிட்டது, வட்டம் என்று சொல்ல ஓர் உருவமும் இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், முழங்கை இரண்டிலும் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். "படை இல்லீங்க, சொரியாசிஸ், ஒட்டாது" என்றார் பெரியவர், தினமும் நாலு பேரிடம் சொல்லிப் பழகிய குரலில். அதற்குத் தமிழில் காளாஞ்சகப்படை என்று பெயர். அதிலும் படை இருக்கிறது, அதுதான் வம்பு. நம் ஊரில் படை என்றாலே தொட்டால் ஒட்டும் என்று அர்த்தம். உண்மையில் ஒட்டுகிற படையோடு அங்கே உட்கார்ந்திருந்தவன் நான், என்னைப் பார்த்து யாரும் நகரவில்லை.

டாக்டர் என் தோலைப் பார்ப்பதற்கு முன்பே "என்ன தடவுனே, டியூப் இருக்கா?" என்று கேட்டார். நல்லவேளை பையில் இருந்தது. குளோபெட்டசால் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். அது ஸ்டீராய்டு, அதுவும் தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, ஆக மொத்தம் ஒரே டியூபில் மூன்று.

பிறகு மழுங்கிய பிளேடு முனையால் ஓரத்துத் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் போட்டார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் தோல் செல் கரைந்துபோகும், பூஞ்சையின் இழை மட்டும் நிற்கும். நின்றது.

ஏப்ரல் 9, செவ்வாய்

நேற்று டாக்டர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். இது பூஞ்சை. வண்டும் கடிக்கவில்லை, புழுவும் இல்லை (இங்கிலீஷ்காரன் வளையப்புழு என்று பேர் வைத்தான், அவனுக்கும் தெரியவில்லை). சிவப்பும் அரிப்பும் உடம்பு பூஞ்சையோடு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும், அதனால் நமக்குச் சுகமாக இருக்கும், பூஞ்சைக்கு அதைவிடச் சுகம். கொஞ்ச நாளில் வட்டம் கலைந்து, பார்த்தால் வேறு ஏதோ நோய் மாதிரி ஆகிவிடும். அதற்கு டீனியா இன்காக்னிட்டோ என்று பெயராம், அதாவது மாறுவேடம் போட்ட படர்தாமரை. வேஷம் கட்டிவிட்டது நான்தான், காசு கொடுத்து.

இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. என்னிடம் நாலு முறையும் சீட்டு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, சரி.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று, வீடு நிறைய ஆள். எனக்கு மட்டும் தனித் துண்டு, தனிச் சோப்பு. துணியைச் சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உள்பக்கத்தைத் திருப்பி இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிக்குச் சிரிப்பு, சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசினால் போயிற்றாம். அதன் இன்னொரு பெயர் வண்டுகொல்லி, பெயரிலேயே வேலை இருக்கிறது. புண்ணாகிக் கிடக்கிற இடத்தில் எலுமிச்சையா என்று ஓடிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு முதுகின் ஒரு பக்கம் கொப்புளம் கொப்புளமாக அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நான் விடவில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து திரும்பக் கிளம்புவதுதான் அக்கி. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் நல்லது, இல்லாவிட்டால் புண் ஆறினாலும் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். காவி பாட்டுக்குக் காவி இருக்கட்டும், மாத்திரையும் போடுங்கள் என்று அவர் மகனை வண்டி எடுக்கவைத்தேன். இரண்டாம் நாள்தான், தப்பித்தார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டாயிற்று. அந்த டியூபை நிறுத்தியதில் அரிப்பு முதல் வாரம் பேயாட்டம் ஆடியது, இப்போது பரவாயில்லை. டாக்டர் பூஞ்சைக்குக் கொடுத்த இட்ராகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். எனக்கோ தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம். வயிற்றில் அமிலம் குறைந்தால் இது உடம்பில் சேராது, அதை நிறுத்து என்று அன்றே சொல்லியிருந்தார். அவர் கொடுத்த பூஞ்சைக் களிம்பைப் பூசுவதிலும் இத்தனை நாள் தப்பு செய்திருக்கிறேன், சிவப்பின் மேல் மட்டும் பூசினால் போதாது, ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் பூச வேண்டும்.

மே 27, திங்கள்

சுரண்டிப் பார்த்ததில் இழை இல்லை. இருந்தாலும் பூஞ்சைக் களிம்பை இன்னும் இரண்டு வாரம் விடக் கூடாதாம்.

தொடையின் உள்பக்கம் கோடு கோடாக ஊதா நிறத்தில் சில வரிகள் இருக்கின்றன. பூஞ்சை இல்லை, ஸ்டீராய்டு தோலை மெலியவைத்ததால் வந்தது, நிறம் மங்கும், ஆனால் கோடு போகாது என்றார் டாக்டர். ஸ்ட்ரையே என்று சீட்டில் எழுதினார். தமிழில் என்ன சார் என்றேன், யோசித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "பிரசவக் கோடுடா அது. உன்னைப் பெத்தப்போ எனக்கு வயித்துல விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டார்.