131 ஜிபி

ஜனவரி 11
154 ஜிபி இருந்தது 23 ஆகிவிட்டது. ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டு, கணினிப் பதிப்பு. டிசெம்பரில் செய்தி வந்தபோது எல்லாரும் பாராட்டி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்த 131 மனதை விட்டுப் போகவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்கும் முனை அங்குமிங்கும் ஓடாமலிருக்க, விளையாட்டில் வரும் ஒரே கல்லின், மரத்தின் தரவைப் பல இடங்களில் பிரதி போட்டு வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது, பிரதிகளை எடுத்துவிட்டாலும் ஹார்ட் டிஸ்க்கில் கூடுவது சில விநாடிகள்தான். அதிக நேரம் பிடிப்பது களத்தை உருவாக்கும் வேலை. 2024 பெப்ரவரியில் வெளியான விளையாட்டை 2025 முடியும்போதுதான் இப்படி அளந்திருக்கிறார்கள்.

10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) சீராகக் கிடைத்தால் 154 ஜிபி இறங்க 34 மணித்தியாலம். 23 ஜிபிக்கு 5.

ஜனவரி 12
மழை. 3 எம்பிபிஎஸ்.

ஜனவரி 13
பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டு கேட்பது 150 ஜிபி இடம். இரவில் மட்டும் பாவிக்கக் கிடைக்கும் டேட்டா, இரவுக் கோட்டா, மாதம் 60 ஜிபி. இறக்கத் தொடங்கி மூன்றாவது மாதம் ஓடுகிறது.

விளையாட்டுகளை வாங்கி இறக்கும் ஸ்டீம் கடையில் நேரம் குறித்து வைக்கும் வசதி புதுப்பிப்புகளுக்குத்தான். முதல் டவுன்லோட்டை நள்ளிரவு தாண்டிக் கையால் தொடங்கி, விடியமுன் கையால் நிறுத்த வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பயமில்லை. ஏறக்குறைய 1 எம்பி துண்டுகளாகத்தான் இறங்குகிறது, இறங்கிய துண்டு நிற்கும். பயம் புதுப்பிப்பு பொருத்தும்போதுதான். 2 ஜிபி புதுப்பிப்பு என்று போட்டிருப்பார்கள். ஆனால் அது மாற்றுவது 40 ஜிபி பெரிய கோப்பொன்றின் உள்ளே என்றால், முழுக் கோப்பையும் டிஸ்க்கில் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அந்த அளவு வெற்றிடமும் வேண்டும், பழைய டிஸ்க்கில் நேரமும் இழுக்கும். அந்த நேரம் கரண்ட் போனால் கோப்புகளைச் சரிபார்க்கவிட்டு, பழுதானதை மறுபடி இறக்க வேண்டும். 'சிறிய புதுப்பிப்பு' என்று எழுதுபவர் இதையும் ஒரு வரி எழுதலாமே.

ஜனவரி 14
நாளைக்குப் பொங்கல். பொடியள் கணினிகளோடு வருவதால் எழுதி வைக்கிறேன்.

ஒருவரிடம் முழுதாக இருக்கும் விளையாட்டை இன்னொருவர் டேட்டா செலவழித்து இறக்க வேண்டியதில்லை. ஸ்டீமிலேயே வீட்டு வலையமைப்பு வழியாகக் கோப்புகளை மாற்றும் வசதி 2023 இலிருந்து உண்டு. இருவரிடமும் அந்த விளையாட்டு சொந்தமாக இருக்க வேண்டும், இருவரும் ஸ்டீமுக்குள் நுழைந்திருக்க வேண்டும், அனுப்புபவர் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். வைஃபையில் செய்யாதீர்கள். மலிவான 4ஜி ரவுட்டரின் கேபிள் துளைகள் பெரும்பாலும் 100 மெகாபிட்தான். விநாடிக்கு 11 எம்பி போகும், 150 ஜிபிக்கு நாலு மணித்தியாலம். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் கிகாபிட் சுவிட்ச் (1000 மெகாபிட்) ஒன்றை நடுவில் போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் முடியும், டிஸ்க் ஈடுகொடுத்தால். கேபிளின் 8 கம்பியும் சரியாக இறுகியிருக்க வேண்டும். ஒரு சோடி விட்டுப்போனாலும் வேகம் 100 க்கு இறங்கிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வெளி டிஸ்க்கில் கொண்டுவருபவர்கள் எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மற் செய்யவும். ஃபாட்32 இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

ஜனவரி 15
27 நிமிடம். மூன்று மாதமாகக் காத்திருந்தது.

ஜனவரி 18
2020 டிசெம்பர் 10 இல் சைபர்பங்க் 2077 விளையாட்டு வந்தபோது, முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். புள்ளிகள் உச்சத்தில். பிளேஸ்டேஷன் 4 இல் அது எப்படி ஓடியது என்பது காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனின் சொந்தக்காரரான சோனி தன் கடையிலிருந்தே எடுத்தது. கொடுத்த கணினியில் பார்த்ததை எழுதினார்கள், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பதிப்பைத் தரவில்லை என்பதைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும். நிறுவனம் மறைப்பதும் ஒரு செய்திதான்.

ஜனவரி 19
131 ஜிபி. எங்கள் இரவுக் கோட்டாவில் இரண்டு மாதத்துக்கும் மேல்.

ஜனவரி 21
2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 ஐக் கணினியில் விளையாடவும் பிளேஸ்டேஷன் கணக்கு வேண்டுமென்று அதை வெளியிட்ட சோனி அறிவித்தது. இலங்கைக்கு அந்தச் சேவையே இல்லை. இங்கே விற்ற பண்டத்துக்கு, இங்கே திறக்கமுடியாத கணக்கைக் கேட்டார்கள். 170 க்கு மேற்பட்ட நாடுகளில் ஸ்டீமில் விற்பனையை நிறுத்தினார்கள், நாங்களும் அதற்குள். எதிர்ப்பு வர, சில நாட்களில் சோனி பின்வாங்கியது. 'விளையாடுபவர்களின் வெற்றி' என்று எங்கும் தலைப்பு. விற்பனைத் தடை அன்றோடு நீங்கவில்லை என்பது அந்தத் தலைப்புகளுக்குள் வரவேயில்லை. கிளிநொச்சியிலிருந்து வாங்கப் பார்த்தவனுக்கு அது வெற்றியில்லை.

ஜனவரி 23
த குரூ, கார் ஓட்டும் விளையாட்டு. 2014 இல் விற்றார்கள், 2024 மார்ச் 31 இல் சேவரை நிறுத்தினார்கள். தனியே கார் ஓடவும் சேவர் வேண்டுமென்று கட்டியிருந்ததால், டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் ஒன்றுமில்லை. இணையம் அறுந்து அறுந்து வரும் எங்கள் ஊருக்கு இது பத்து வருடம் கழித்து வரும் பிரச்சினையல்ல, ஒவ்வொரு மழைக்கும் வருவது. 'இணையம் இல்லாமல் ஓடுமா' என்ற கேள்வி விமர்சனத்தின் முதல் பந்தியில் இருக்க வேண்டும்.

ஜனவரி 25
ஹை-ஃபை ரஷ், அறிவித்த அன்றே வெளியானது 2023 இல் இதே நாள். மைக்ரோசொஃப்ற் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நிறுத்துவதாகச் சொன்னது 2024 இல் இதே நாள். அந்த மே மாதம் ஹை-ஃபை ரஷ் செய்த ஸ்டூடியோவையும் மூடுவதாக அறிவித்தார்கள். நல்ல விளையாட்டு செய்தாலும் காப்பில்லை. இதற்கு மேல் எழுத மனமில்லை.

ஜனவரி 27
பொடியளுக்காக ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். புள்ளி போடப்போவதில்லை. அளவு, இணையம் இல்லாமல் ஓடுமா, வேறு கணக்கு கேட்குமா, ஹார்ட் டிஸ்க்கில் திறக்க எத்தனை விநாடி.

ஹெல்டைவர்ஸ் 2: 23 ஜிபி. இணையம் இல்லாமல் ஓடாது.

பால்டர்ஸ் கேட் 3: 150 ஜிபி. தனியே விளையாட இணையம் தேவையில்லை. அவர்களின் கணக்கு கட்டாயமில்லை, தாண்டிப் போகலாம். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு) வேண்டுமென்று எழுதியிருக்கிறது, ஆனால் மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கென்று உள்ளே ஒரு தெரிவும் உண்டு. அதைப் போட்டு மூன்று தரம் திறந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் கணினியை நிறுத்தித் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் நின்றதை வாசித்துப் பொய்க் கணக்கு காட்டும். நாளைக்கு.