ஹாஸ்கெல்லில் பட்டன் வருமா?

"ஹாஸ்கெல் எல்லாம் பேராசிரியர்களின் நிரல்மொழி, அதில் நிஜ மென்பொருள் எழுத முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு: லினக்ஸில் ஜன்னல்களை அடுக்கித் தரும் எக்ஸ்மொனாட் 2007-இலிருந்தே இருக்கிறது. கோப்புகளை வடிவம் மாற்றும் பாண்டாக்கும் ஹாஸ்கெல்தான்.

ஆனால் திரை, பட்டன் என்று வந்தால் எனக்குப் பிடித்தது, ஹாஸ்கெல் பாணியில் வந்த எல்ம் (2012) என்ற நிரல்மொழி காட்டிய வழி. நிரலின் நிலை, அதாவது அந்த நேரத்தில் அது வைத்திருக்கும் தரவு, முழுக்க ஒரே இடத்தில். பட்டனை அழுத்தினால் ஒரு செய்தி கிளம்பும். பழைய நிலையும் அந்தச் செய்தியும் ஒரு ஃபங்ஷனுக்குள் போய்ப் புதிய நிலையாக வெளியே வரும். அதை வைத்துத் திரை வரையப்படும். அவ்வளவுதான். எந்தப் பட்டன் எந்த மாறியைக் கெடுத்தது என்று நள்ளிரவில் துழாவ வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் கொண்டாடிய, நிலையைக் கையாளும் லைப்ரரியான ரீடக்ஸுக்கும் இது ஒரு முன்னோடி, ரீடக்ஸை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, குறையே இல்லையா? ஹாஸ்கெல்லில் பட்டன், ஜன்னல் எல்லாம் வரைய உதவும் ஜிடிகே லைப்ரரிகளை விண்டோஸில் நிறுவிப் பாருங்கள், தெரியும்!