இரவுச் சாப்பாடும் எண்ணாமல் விட்ட ஆட்களும்

இனி ஒரு முறை அப்படியொரு காலம் வரவே கூடாது, ஆனாலும் வந்தால் ஆஸ்பத்திரி ஆட்களுக்குச் சமைத்துக் கொடுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். 2020இல், கொரோனாக் காலத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் சேர்ந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டினோம். மனம் நிறையத்தான் செய்தோம், என்றாலும் முதல் கிழமை செய்ததில் பாதி பிழை.

மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஆனால் 15ஆம் திகதி அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டு சுவிஸுக்குத் திரும்பிய போதகருக்குத் தொற்று என்று தெரிந்ததோடு யாழ்ப்பாணமும் ஆபத்துக் கூடிய மாவட்டங்களில் ஒன்றாகிவிட்டது, மற்ற மாவட்டங்களில் இடைக்கிடை தளர்த்தியபோதும் எங்களுக்குக் கிழமைக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. ஆஸ்பத்திரி வீதிச் சாப்பாட்டுக் கடைகளெல்லாம் பூட்டு. தெற்கிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த தாதியர் ஊருக்கும் போக முடியாது, அந்த அறைகளில் பலதில் அடுப்பும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் தாதியாக வேலை செய்யும் தங்கச்சி ஒரு நாள் வேலிக்கு அப்பால் நின்று (உள்ளே வரமாட்டாள், என் அம்மாவுக்குச் சலரோகம் என்று தெரியும்) "அக்கா, எங்கட வாட்டில ரெண்டு நேர்ஸ் பிள்ளையள் பிஸ்கட்டோட இரவைக் கழிக்குதுகள்" என்று சொன்னாள்.

நாங்கள் அதைக் கேட்டோமே தவிர, அவள் "இரவு" என்று சொன்னதைக் கவனிக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு சமைத்தோம். சோறு, பூசணிக்காய்ப் பால்க்கறி, கத்தரிக்காய், சொதி. காலையிலேயே கிடாரத்தை இறக்கி, லஞ்ச் சீற்றில் கட்டி, ஊரடங்குப் பாஸ் வைத்திருந்த தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே போனால் எங்களைப் போலவே நினைத்த வேறு ஆட்களும் மத்தியானத்துக்குக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். காலை 7 மணிக்கு வந்தவர்கள் 1 மணிக்குக் கடமை முடிந்து கிளம்பும் நேரத்தில் அவ்வளவு பார்சலும். பின்னேரம் 7 மணிக்கு வந்து அடுத்த நாள் காலை 7 மணிவரை நிற்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஊரடங்கில் இரவு யார் வெளியே வருவது?

இன்னொரு பிழை தேங்காய்ப்பால். பங்குனி, சித்திரை வெயிலில், சூட்டோடு கட்டிய பார்சலுக்குள் பால்க்கறி எத்தனை மணித்தியாலம் தாங்கும்? பாதுகாப்பு உடை போட்டவர்கள் நினைத்த நேரம் அதைக் கழற்றிவிட்டு வந்து சாப்பிட முடியாது, அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது கறி புளித்துவிட்டது. பசியோடு பார்சலைப் பிரித்தவருக்கு அந்த மணம் வந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் மனம் கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் தங்கச்சியிடம் ஒழுங்காகக் கேட்டோம். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், எங்கே இருந்து சாப்பிடுவீர்கள், கை கழுவ வசதி எப்படி, எது வேண்டாம் என்று எல்லாம். சமையலைப் பின்னேரத்துக்கு மாற்றினோம். சொதியை விட்டோம். புட்டு, இடித்த சம்பல், புளி விட்ட வெந்தயக் குழம்பு கெட்டியாக, உருளைக்கிழங்குப் பிரட்டல். மரக்கறியை ஆறவிட்டுத்தான் கட்டுவது. பின்வளவில் வாழை நின்றதால் இலையைத் தணலில் வாட்டி உள்ளே வைத்தோம். ஆறரை மணிக்குக் கடமைக்கு ஆட்களை ஏற்ற வரும் வான் வண்டியிலேயே தங்கச்சி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாள், இரவுப் பாஸ் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பருப்புக்கு 65 ரூபா, டின் மீனுக்கு 100 ரூபா என்று அரசாங்கம் விலை கட்டிய கையோடு கடைகளில் பருப்பைக் காணவில்லை. மரக்கறி அதற்கு நேர்மாறு. சந்தைகள் பூட்டியதால் தோட்டக்காரரிடம் கத்தரியும் பூசணியும் பீற்றூட்டும் தேங்கிக் கிடந்தன. நீர்வேலிப் பக்கத்து ஐயா ஒருவர் ஒரு லான்ட்மாஸ்டர் வண்டி நிறையப் பூசணிக்காய் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காசு கொடுக்கப் போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கனடாவிலிருந்து ஒரு மாமி அரிசிக்குக் காசு அனுப்பினார். சன்னதிக் கோயிலில் அன்னதானம் வாங்கி உண்ட ஊர், கிடாரத்துக்கும் அகப்பைக்கும் குறைவில்லை. தொண்ணூற்றைந்தில் போரால் இடம்பெயர்ந்தபோது யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தென்மராட்சியில் எங்களுக்குச் சோறு போட்டதை அம்மா கிடாரத்தைக் கிண்டும்போதெல்லாம் சொல்வார்.

ஆனால் நான் எழுத வந்த விஷயம் எண்ணிக்கை. தாதியர் இத்தனை, வைத்தியர் இத்தனை என்று தங்கச்சி எழுதித் தந்ததைப் பார்த்து நாற்பது பார்சல் கட்டினோம். ஏப்ரலில் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் தொற்றைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தொடங்கியதாகக் கேள்விப்பட்டு, அங்கே இரவு நிற்கிறவர்களுக்கும் சேர்த்தோம். நிலத்தைக் கழுவுகிறவர், குப்பை வாளியைத் தூக்குகிறவர், அம்புலன்ஸ் சாரதி, பிரேத அறையில் நிற்கிறவர், வாசலில் காவல் நிற்கிறவர், இவர்களை நாங்கள் எண்ணவே இல்லை. யாரும் ஒதுக்கிச் செய்யவில்லை, ஒருவருக்கும் நினைவில் வரவில்லை, எனக்கு அதுதான் கூடக் கவலை. தொற்றுள்ளவர் கழற்றிப் போட்ட துணியை முதலில் தொடுகிற கை அவர்களுடையது. அவர்களில் சிலருக்குச் சம்பளம் ஒப்பந்தக்காரர் கையால்தான் வருகிறது, நாள் தவறினால் காசும் இல்லை.

வருஷப்பிறப்புக்கு முதல் நாள் ஒரு பெட்டி கூடுதலாக இருந்ததால் தங்கச்சி அதைக் கழுவும் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் நீட்டியிருக்கிறாள். "எங்களுக்கும் இருக்கோ பிள்ளை? பிழையாத் தந்திட்டியோ?" என்று அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினாராம். தங்கச்சி வேலியடியில் நின்று அதைச் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க வரவில்லை. அன்றிரவே கொப்பியில் புதிதாக எழுதினோம், பதவியைப் பாராமல் அந்த இரவு அங்கே நிற்கிற தலைகளின் கணக்கு. நாற்பது எழுபத்திரண்டானது. ஒன்பது வீடு போதாமல் பக்கத்து ஒழுங்கையையும் கூப்பிட்டோம், புட்டு அவிக்க மூன்று நீத்துப்பெட்டி அங்கிருந்து வந்தது.

வருஷப்பிறப்பு அன்று எழுபத்திரண்டு பார்சலிலும் ஒவ்வொரு துண்டு பயற்றம் பணியாரம் வைத்தோம். அடுத்த நாள் தங்கச்சி வரும்போது அந்த அம்மா சொல்லிவிட்ட ஒரு செய்தி கொண்டுவந்தாள். பணியாரம் நல்லதாம், சம்பலுக்கு உறைப்புக் காணாதாம்.

அன்று பின்னேரம் செத்தல் மிளகாயை ஒன்றரை மடங்காக்கினோம்.