அரை டிஎம்சி

1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு, சென்னைக் குடிநீருக்கென்று புதிதாக இன்னொன்று எழும்ப 2020 ஆகிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டியது அது. அதன் கரை வேலையில் களப் பொறியாளராக இருந்தேன்.

கொள்ளளவைக் கேட்டதும் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அரை டிஎம்சி, சென்னைக்கு இரண்டு வாரம் காணும். ஆனால் கண்டலேறு–பூண்டி கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரைத் திருப்பி, ஆண்டுக்கு இருமுறை நிரப்புவதுதான் திட்டம். 2019-ல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதன் இலக்கு நாளுக்கு ஒரு கோடி லிட்டர். அரை டிஎம்சி என்பது ஏறக்குறைய 1,400 கோடி லிட்டர். அந்த ரயில் இதைச் சுமந்து தீர்க்க நான்கு வருஷம் ஓட வேண்டும்.

மண்கரை வேலையில் அவசரம் ஆகவே ஆகாது. களிமண்ணைப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, மாதிரி எடுத்து எடைபோட்டு, அடர்த்தி வந்தால்தான் அடுத்த லேயர். ஈரம் குறைந்தால் கட்டிகள் உடையாமல் உள்ளே பொந்து நிற்கும். கூடினால் ரோலருக்கு அடியில் மண் பிதுங்கும். எங்களிடம் வயதான ரோலர் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். இறங்கி வந்து வெறுங்காலால் மிதிப்பார். “இன்னிக்கு வேணாம் சார், காயட்டும்” என்பார். சோதனை முடிவும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். மதகின் கான்கிரீட்டை ஒட்டிய மண்தான் எனக்குப் பெரிய கவலை. அங்கே ரோலர் நுழையாது. கையால் இடித்துத்தான் இறுக்க வேண்டும். கசிவு வழி தேடுவதும் அங்கேதான்.

2013-ல் அடிக்கல் நாட்டிய வேலை இவ்வளவு இழுத்ததற்கு நிலமெடுப்பு ஒரு பெரிய காரணம். நிலத்தை விட மறுத்தவர்களை இடைஞ்சல் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விளையும் பூமியை யார்தான் சும்மா கொடுப்பார்கள்? கரையோரம் மாடு மேய்த்த அம்மா ஒருவர் கேட்டார்: “எங்க வயலு உள்ள போவுது, தண்ணி பட்டணத்துக்குப் போவுது. எங்க தெருவுக்கு இதுல கொழா வருமா தம்பி?”

நிலம் தந்த ஊர்களுக்கான குடிநீர்க் குழாய், கரையோடும் மதகோடும் சேர்ந்து முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். எந்த நீர்த்தேக்கத்தின் வரைவு கைக்கு வந்தாலும் முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன்.