லோகிதாசன் கண் திறக்கக் கூடாது

1977ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. பாடசாலை மேடையேற்றிய அரிச்சந்திர மயான காண்டம் இசை நாடகத்தில் எனக்கு லோகிதாசன் வேடம். தர்ப்பை வெட்டப் போகும் காட்சியில் ஒரேயொரு பாட்டு. அதைப் பாடி முடித்ததும் பாம்பு கடித்துவிடும். பிறகு ஏறக்குறைய 40 நிமிடம் பிணமாகக் கிடக்க வேண்டும். மாஸ்ரர் எனக்குப் பாட்டை இரண்டு நாளில் பழக்கிவிட்டார். கிடப்பதைப் பழக்கத்தான் இரண்டு மாதம் எடுத்தார்.

"லோகிதாசன் கண் திறக்கக் கூடாது. நுளம்பு கடிச்சாலும் திறக்கக் கூடாது. நீ கண்ணைத் திறந்தியெண்டால் முன்னுக்கு இருந்து அழுகிற அம்மாமாரை எல்லாம் ஏமாத்தினதாப் போயிடும்."

2024 ஆவணியில் அதே நாடகத்தை எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் மீண்டும் மேடையேற்றினார்கள். 47 வருடம் கழித்து. அதைப் பார்க்கவென்றே ரொறன்ரோவிலிருந்து போனேன். மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது இதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் வரவில்லை.

எங்கள் வயதுக்காரருக்கு இசை நாடகம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இந்த மலரைப் படிக்கப்போகும் எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நாட்டுக்கூத்து வேறு, இது வேறு. கூத்துக்கு மத்தளமும் தாளக்கட்டும் ஆட்டமும் உயிர். இசை நாடகத்துக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் சாரீரமும் உயிர். பார்சி நாடகக் குழுக்கள் பழக்கிவிட்ட திரைச்சீலை மேடை தமிழ்நாட்டுக்கு வந்து, சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போன்றவர்கள் கையில் பாட்டாலேயே கதை சொல்லும் நாடகமாகச் செழித்து, அங்கிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கொட்டகை போட்டு ஆடியதால் கொட்டகைக் கூத்து என்றார்கள். என் அம்மம்மா கடைசிவரை 'டிறாமா' என்றுதான் சொன்னார். பேசிக்கொண்டிருப்பவர் துக்கம் கூடும்போது பாடத் தொடங்குவார். பாட்டு முடியும் இடத்தில் மற்றவர் அதே சுருதியில் பதில் சொல்லுவார். நடிகர் மேடைக்கு வரமுதல் அவருடைய குரல் வரும். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழும்பும்போதே சனம் நிமிர்ந்து உட்காரும்.

அந்தக் குரல் எப்படி இருக்க வேண்டுமென்று நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது நடிகமணி வி. வி. வைரமுத்துவிடம். காங்கேசன்துறைக்காரர், வசந்த கான சபாவை நடத்தியவர். மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக 3000 தடவைக்கு மேல் நடித்தவர் என்று ஊரில் சொல்வார்கள். ஒத்திகை தொடங்கிய மாதம், கோயில் திருவிழா ஒன்றில் அவருடைய நாடகம் என்று அறிந்து மாஸ்ரர் எங்கள் எல்லாரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பாயை விரித்து மணலில் இருந்தோம். பெற்றெடுத்த பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணிடம், அவள் தன் மனைவி என்று அறியாமல், சுடலைக் காவல்காரனாக முழத்துண்டும் கால்பணமும் கேட்கிறார். கேட்கிற குரலில் கடுமை இருந்தது. ஆனால் அந்தக் கடுமைக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடியது. அவளுடைய கழுத்தில் தாலி இருக்கிறது, அதை விற்றுக் கட்டணம் கட்டலாம்தானே என்கிறார். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்க்கும் அந்த நொடியில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு விம்மியதை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது. கதை அவளுக்குத் தெரியாததா? நூறு தரம் பார்த்திருப்பாள்.

திரும்பி வரும்போது வானில் ஒருவரும் கதைக்கவில்லை.

மாஸ்ரர் பேராதனையில் படித்தவர். விடிய விடிய ஆடுகிற மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றபடி பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' போட்டபோது அவர் அங்கே மாணவர். அதற்கு முன்னர், 1956இல், பேராசிரியர் சரச்சந்திர சிங்களத்தில் 'மனமே' போட்டு நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்ததையும் எங்களுக்குச் சொல்லுவார். பழைய ஒன்றை மேடைக்குத் திரும்பக் கொண்டுவருவது எப்படியென்று கண்ணால் கண்டவர் அவர். அதனால்தான் கோயில் வீதியில் மூன்று மணித்தியாலம் ஓடும் மயான காண்டத்தை எங்களுக்காக ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் குறுக்கினார். எதை வெட்டினாலும் சந்திரமதியின் புலம்பலில் மட்டும் கைவைக்கவில்லை.

கைவைக்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. அதில் ஒன்றைச் சேர்த்தார். இறந்த பிள்ளையைச் சந்திரமதி மடியில் எடுத்து முகாரி ராகத்தில் அழுதுகொண்டே வருவாள். மிருதங்கம் மெல்ல மெல்ல நடை குறைந்து வரும். 'மகனே' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் மிருதங்கம் சட்டென்று நிற்கும். ஆர்மோனியமும் கட்டையிலிருந்து கையை எடுத்துவிடும். சந்திரமதி ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு, தாளமே இல்லாமல், சுருதியும் இல்லாமல், 'மகனே' என்பாள். அவ்வளவுதான். எங்கேயும் நான் கண்டிராத ஒன்று அது; மாஸ்ரரே யோசித்து வைத்தது. சபையோருக்குக் கேட்பது மௌனம். எனக்கு, அவளுடைய மடியில் காதை வைத்துக் கிடப்பவனுக்கு, மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்கும். நெஞ்சு விரிவது என் கன்னத்தில் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே நான் 40 நிமிடமும் காத்துக் கிடப்பேன்.

சந்திரமதியாக நடித்தவர் அப்போது உயர்தர வகுப்பு. அன்றுமுதல் எங்களுக்கு அவர் சந்திரமதி அண்ணைதான். கலவன் பாடசாலையாக இருந்தும் பெண் வேடத்துக்கு ஆண்பிள்ளையைத்தான் விட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் 80களில் புறப்பட்டுவிட்டேன். நடிகமணி 1989இல் காலமானார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கி நடந்தபோது சந்திரமதி அண்ணையும் நடந்தார். நாடகக் கொப்பி அவரிடம்தான் இருந்தது. பிள்ளைகளைத் தூக்குவதா, கொப்பியைத் தேடுவதா? திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. பாடசாலை மண்டபமும் அப்படியே. மாஸ்ரர் திரும்பி வரவேயில்லை. இடம்பெயர்ந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

2023இல் பாடசாலையின் சங்கீத ரீச்சர் அண்ணையிடம் போய், அந்த நாடகத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். கொப்பி இல்லையே பிள்ளை என்றாராம் இவர். இரண்டு நாள் கழித்துப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் அண்ணையின் குரல் வந்தது: "1977 ஆக்கள் ஆரார் இருக்கிறியள்? உங்கடை உங்கடை பாட்டைப் பாடி அனுப்புங்கோ. வெக்கப்படாதேங்கோ. குரல் போனாலும் பரவாயில்லை, மெட்டு வேணும்."

அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு காலம் எங்கள் குழுவில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒஸ்லோவில் இருக்கும் அரிச்சந்திரன் இரவு வேலை முடிந்து காருக்குள் இருந்தே பாடி அனுப்பினார். பின்னால் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் சத்தம் கேட்கும். பரிஸிலிருந்து விசுவாமித்திரர் அனுப்பினார். காலகண்ட ஐயர் கொழும்பில். நான் ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, தர்ப்பை வெட்டும் பாட்டைப் பாடினேன். 46 வருடம் ஒருநாள்கூடப் பாடாத பாட்டு. முதலடி வாயில் ஏறியதும் மீதியெல்லாம் தாமாகவே வந்து நின்றன.

ஒரு விசயத்தை அப்போதுதான் கவனித்தோம். ஒவ்வொருவருக்கும் தன்னுடைய பாட்டுத் தெரியும். அதற்கு முன்னால் மற்றவர் பாடும் கடைசி அடியும் தெரியும். அந்த அடியைக் கேட்டுத்தானே எடுக்க வேண்டும்! அந்தக் கடைசி அடிகளைப் பிடித்துக்கொண்டு, சங்கிலி கோப்பதுபோல, எது முன், எது பின் என்று அண்ணை முழு நாடகத்தையும் ஒழுங்குபடுத்திவிட்டார்.

வீரவாகு மட்டும் வரவில்லை. அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிச் சுடலைக் காவலுக்கு வைக்கும் வீரவாகுவுக்கு இரண்டு பாட்டு. அந்த வேடம் போட்டவர் எங்களோடு இல்லை, போரில் போய்விட்டார். ஒரு பாட்டு எல்லாரும் சேர்ந்து துண்டு துண்டாகத் தேடியதில் கிடைத்தது. மற்றதில் இரண்டு அடி கிடைக்கவேயில்லை. யாராவது எழுதிச் சேர்க்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னோம். நானும் சொன்னேன். அண்ணை மறுத்துவிட்டார். அந்த இரண்டு அடிக்கும் ஆர்மோனியம் மட்டும் வாசிக்கட்டும், வீரவாகுவாக வரும் பிள்ளை பேசாமல் நிற்கட்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி என்பதை மண்டபத்தில் இருந்து பார்த்தபோது விளங்கிக்கொண்டேன்.

மண்டபம் இப்போது புதுக் கூரை, மின்விசிறி எல்லாவற்றோடும் இருக்கிறது. முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். நான் எழும்பிப்போய் நடுவில், தாய்மாருக்கு இடையில் இருந்துகொண்டேன். ஆர்மோனியம் எங்கள் இலண்டன் கிளை வாங்கிக் கொடுத்தது. இசையை ஒலிப்பதிவில் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குச் சுகம் என்று யாரோ சொன்னதாகவும், ரீச்சர் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றும் அறிந்தேன். நல்ல காலம். ஒலிப்பதிவு நடிகருக்காக நிற்காது. ஆர்மோனியக்காரர் நிற்பார்.

விளக்கு அணைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் வந்தது. பதினேழு வயதுப் பெடியன், குரல் இன்னும் முழுதாக உடைந்து தேறவில்லை. கீழ்ச் சுரங்களில் கொஞ்சம் இடறினான். ஆனால் சொல்லைக் கடிக்காமல், விழுங்காமல், ஒவ்வோர் எழுத்தாகச் சபைக்கு எறிந்தான். மாஸ்ரரின் பாடம் அது. சந்திரமதியாக இம்முறை ஒரு பெண்பிள்ளை. பெண்ணின் குரலில் அந்தப் பாட்டுகளைக் கேட்பது எனக்கு முதல் தடவை. முகாரி வேறொரு இடத்தில் போய்த் தைத்தது.

லோகிதாசனைத் தூக்கி மடியில் கிடத்தினாள். சின்னப் பெடியன். காலில் வெள்ளைப் பவுடர் திட்டுத் திட்டாய். மிருதங்கம் நடை குறையத் தொடங்கியதும் என் கை என்னை அறியாமல் கதிரைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. வரப்போகிறது, வரப்போகிறது. மிருதங்கம் நின்றது. ஆர்மோனியம் நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவளுடைய தோள் மெல்ல உயர்ந்தது.

"மகனே."

எனக்கு இடப்பக்கம் இருந்த தாயார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மாஸ்ரர் இதைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கமும், இது போய்விடவில்லை, இதோ இருக்கிறது என்ற சந்தோசமும் ஒன்றாக வந்தன. எது பெரிது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சந்தோசம்தான் பெரிது என்று நினைக்கிறேன். 47 வருடமாக என் காதுக்குள் மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்திருந்த ஒன்று, 300 பேருக்கு முன்னால், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பிள்ளையின் நெஞ்சிலிருந்து வந்தது.

வாள் மாலையாகி, லோகிதாசன் உயிர்த்து எழும்பி, கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணையைத் தேடி மேடைக்குப் பின்னால் போனேன். அறுபத்துநாலு வயது மனிதர், அரிச்சந்திரனின் கறுப்புப் போர்வையை மடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பக்கத்தில் நின்ற பெடியனைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார்.

"இந்தா, இவர்தான் முதல் லோகிதாசன். கதை."

பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அங்கிள், அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. உனக்கு?"

"முதல் கஷ்டமாத்தான் இருந்தது. இப்ப இல்லை." குரலைத் தணித்துக்கொண்டான். "அக்கா 'மகனே' எண்ணமுந்தி ஒரு மூச்சு இழுப்பா. அது கீழை இருக்கிற ஒருத்தருக்கும் கேக்காது அங்கிள். எனக்கு மட்டுந்தான் கேக்கும். அது எப்ப வரும் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு கிடப்பன்."