காலித் தோட்டாவைக் கழுவ எந்த வழி?

சுட்டு முடித்த தோட்டாவில் மறுபடி பயன்படுவது பித்தளை உறை ஒன்றுதான். குண்டு போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும், அதைப் பற்றவைக்க அடியில் இருக்கும் ப்ரைமர் என்ற சிறு மூடி ஒருமுறை வெடித்ததோடு சரி. உறையைப் பொறுக்கி வந்து சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் இன்னொரு தோட்டா தயார். டெக்சாஸில் இதை வீட்டிலேயே செய்பவர்கள் ஏராளம். (ஊரில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.) சான் அன்டோனியோவுக்குக் குடிவந்து, வார இறுதியில் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்கு) போகும் பழக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு நானும் இதில் இறங்கினேன். மருந்து அளப்பது, குண்டு அமர்த்துவது பற்றியெல்லாம் கையேடுகள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. என்னைக் குழப்பியது எல்லாவற்றிலும் எளிது என்று நினைத்த வேலைதான், உறையைக் கழுவுவது. ஆளுக்கொரு வழி சொன்னார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் வழியைத் திட்டினார்கள்.

முதலில் எதற்காகக் கழுவுகிறோம் என்று பார்த்தேன். காரணம் இரண்டே இரண்டு. உறையில் ஒட்டியிருக்கும் மணலும் கரியும், அதை அளவுக்குக் கொண்டுவரும் அச்சைக் கீறிவிடும்; அச்சு கீறினால் அடுத்து வரும் ஒவ்வொரு உறையிலும் அந்தக் கீறல் விழும். இரண்டாவது, அழுக்கு போனால்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். பளபளப்பு இந்தக் கணக்கிலேயே வராது. ரேஞ்சில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வாளியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வெயிலில் உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்வார். அவருடைய உறைகள் மங்கலாக, பழைய ஐந்து பைசா மாதிரி இருக்கும். இலக்கில் விழும் துளைகளோ ஒன்றன் மேல் ஒன்று.

பெரும்பாலோர் தொடங்குவது உலர் முறையில். அதிரும் தொட்டி ஒன்றில் வால்நட் ஓட்டுத் தூளையோ மக்காச்சோளத் தக்கைத் தூளையோ நிரப்பி, உறைகளைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுவார்கள். வால்நட் ஓடு கரடுமுரடு, அழுக்கை வேகமாக எடுக்கும். சோளத்தக்கை மென்மை, மெருகு ஏற்றும். செல்லப்பிராணிக் கடையில் பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்காக விற்கும் வால்நட் தூள் இதற்கு அப்படியே பொருந்தும், விலையும் குறைவு. நனைப்பதே இல்லை என்பதால் உலர்த்தும் தலைவலி கிடையாது. கொஞ்சம் கார் பாலீஷ் விட்டால் உறை மேல் மெல்லிய மெழுகுப் படலம் தங்கி, சீக்கிரம் கருக்காமல் இருக்கும். ப்ரைமரை எடுத்துவிட்டுப் போட்டால் மட்டும் அடியில் உள்ள சிறு துளையில் தூள் துகள் சிக்கிக்கொள்ளும், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும்.

எனக்கு இது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் தூசி. வழக்கமான ப்ரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. அது வெடித்தபின் ஈயம் உறைக்குள் படிந்து, தொட்டியில் ஆடும்போது தூளோடு கலந்துவிடும். சல்லடையில் சலிக்கும்போது எழும் மெல்லிய தூசியில் ஈயம் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நாங்கள் இருந்தது அடுக்குமாடி வீடு, தரையில் தவழும் வயதில் பிள்ளை. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அந்தத் தொட்டி இந்த வீட்டுக்குள்ள வந்தா நானும் பாப்பாவும் வெளிய போயிடுவோம்” என்றாள். நியாயமான பேச்சு. பழைய டிஷ்யூத் தாளைக் கிழித்துத் தொட்டியில் போட்டால் தூசியைப் பிடிக்கும், மூடியைக் கழற்றாமல் ஓட்டலாம், வெளியில் வைத்துச் சலிக்கலாம் என்றெல்லாம் வழிகள் உண்டு. தனி கராஜும் வீட்டில் குழந்தைகள் இல்லாத சூழலும் இருந்தால் நானும் அதோடு நின்றிருப்பேன்.

சரி, தண்ணீர் என்றால் தூசி பறக்காது. அந்தப் பக்கம் போனால் முதலில் எதிர்ப்பட்டது அல்ட்ராசானிக் கருவி, நகைக்கடையில் மூக்குத்தி கழுவ வைத்திருப்பார்களே, அதுதான். உட்புறமும் ப்ரைமர் குழியும் நன்றாகச் சுத்தமாகும். ஆனால் வீட்டு அளவுக் கருவியில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் கொள்ளும். ரைஃபிளில் குறி பார்த்து நிதானமாகச் சுடுபவர்களுக்குப் போதும். ஒரே மதியத்தில் நூற்றுக்கணக்கில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா சுடுகிறவனுக்கு அது கட்டாது.

அடுத்தது, எல்லாரும் அடித்துப் பரிந்துரைக்கும் எஃகு ஊசி முறை. சுழலும் பீப்பாய்க்குள் உறைகள், அரிசியை விடச் சன்னமான துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். ப்ரைமரை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஓடி முடித்ததும் உறை கடையில் வாங்கின புதுசு போல வரும், உள்ளேயும் குழியிலும்கூடக் கரி இருக்காது. நண்பர் ஒருவருடைய இயந்திரத்தில் என் உறைகளைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வாய் பிளந்தது.

அப்புறம்தான் வேலை தெரிந்தது. ஊசிகளை உறைகளில் இருந்து முழுக்கப் பிரிக்க வேண்டும். ப்ரைமர் துளையில் ஊசிகள் ஜோடியாகச் சொருகிக்கொள்ளும், .223 ரைஃபிள் தோட்டா போன்ற குறுகிய கழுத்துள்ளவற்றில் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் விட முடியாது. நீண்ட நேரம் ஓடவிட்டால் உறைகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு நசுங்கிப் புடைக்கும். இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை: கழுத்தின் உட்புறம் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டால் குண்டு வழுக்கி உட்காராமல் உராய்ந்து இறங்குகிறது. அங்கே கொஞ்சம் கரி இருப்பது நல்லது என்று துல்லியமாகச் சுடுபவர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

சிட்ரிக் அமிலம் நம்மவர்களுக்குப் புதிய சங்கதி இல்லை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அதே வேதியியல்தான். புளியில் இருப்பது டார்ட்டாரிக் அமிலம், செம்பின் ஆக்சைடை அதுவும் கரைக்கும். (புளியையே போடலாமா என்று கேட்டார் ஒரு நண்பர். சக்கை ப்ரைமர் துளையை அடைத்துக்கொள்ளும் அண்ணா, விளக்கோடு விட்டுவிடுங்கள்.) சான் அன்டோனியோ தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்கடியில் இருந்து வருவது, கடின நீர். அமிலம் போடாமல் கழுவினால் உலர்ந்தபின் உறையெங்கும் வெள்ளைப் புள்ளி நிற்கும். அதே அமிலத்தை அள்ளிப் போட்டாலோ, மணிக்கணக்கில் ஊறவிட்டாலோ பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். தோட்டாப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம்; மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சுவதால் வரும் நிறம் அது.

அமிலத்தைவிடப் பயப்பட வேண்டியது அம்மோனியாவுக்கு. பித்தளைக் கைப்பிடி துடைக்கும் பாலீஷ் சிலவற்றில் அது உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் ராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாக விரிசல் விட்டதற்கு அதுவே காரணம். குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து, உருவாக்கும்போதே இறுக்கம் ஏறியிருந்த பித்தளையைப் பிளந்தது. இதன் காரணம் விளங்கியது 1921-ல். இதைப் படித்த பிறகு, புட்டியில் அம்மோனியா என்று எழுதியிருக்கும் எதையும் உறைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் பிடித்துக்கொண்டது ஊசி இல்லாத ஈர முறை. அதே சுழலும் பீப்பாய், சோப்பு, கொஞ்சம் அமிலம், ஊசி மட்டும் கிடையாது. உறைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே சுத்தமாகின்றன. உள்ளே லேசாகக் கரி இருக்கும், ப்ரைமர் குழி முழுசாகப் பளிச்சிடாது. எனக்கு அது போதும். பொறுக்கி வந்ததைக் காந்தத்தால் துழாவி எஃகு உறைகளைக் கழித்துவிட்டு, உறையின் சுவரைத் தொடாமல் ப்ரைமரை மட்டும் தள்ளும் அச்சில் ஓட்டுகிறேன். உறையின் உள்ளே அடியில் இரண்டு துளை தெரிந்தால் அது பெர்டன் என்பவர் வடிவமைத்த ப்ரைமர் வகை, அச்சின் ஊசியை முறித்துவிடும், தூக்கிப் போட வேண்டியதுதான். (ஒரே துளையுள்ளது பாக்ஸர் வகை. பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் நிலைத்ததோ பாக்ஸர் வகை.) .223-க்கு அளவு திருத்தும் முன் எண்ணெய் பூச வேண்டியிருப்பதால், அதைப் போக்கப் பிற்பாடு இன்னொரு சுருக்கமான கழுவல் உண்டு.

உலர்த்துவதில் மட்டும் அவசரம் கூடாது. ஓர் ஓரத்தில் ஈரம் மிஞ்சினாலும் மருந்து கெட்டுவிடும். கோடையில் பால்கனியில் துண்டு விரித்துப் பரப்பினால் டெக்சாஸ் வெயில் பார்த்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் இதற்கென்றே வாங்கிய, பழம் உலர்த்தும் கருவி. ‘சாப்பாட்டுக்கு அல்ல’ என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். சமையல் ஓவனில் வைப்பவர்கள் உண்டு. ஈயம் ஒரு பக்கம் இருக்க, சூடு 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பித்தளை இளகத் தொடங்கும். அடிப்பகுதி மென்மையானால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது, கொதிக்கும் வாயு சுடுபவர் முகத்தை நோக்கித்தான் வரும்.

அழுக்குத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுவதில்லை. சமையலறைத் தொட்டியும் இந்த வேலைக்குக் கிடையாது. கையுறை போட்டுக்கொள்கிறேன், முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சட்டையைத் தனியாகத் துவைக்கிறேன்.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் எந்த இயந்திரமும் வாங்க வேண்டாம். அந்தப் பெரியவர் செய்வதுபோல் வாளியில் ஒரு தொகுதியைக் கழுவிப் பாருங்கள். எவ்வளவு உறை சேர்கிறது, எங்கே உலர்த்த முடிகிறது, வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற தொட்டியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.