மானியக் கோரிக்கை நாட்கள்

மார்ச் 13, 2025

நாளைக்கு பட்ஜெட். இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டை எடுத்துவிட்டு ‘ரூ’ என்று போட்டிருக்கிறார்கள். சாயங்காலத்திலிருந்து எல்லாச் சேனலிலும் அதே பேச்சு. ரூ என்று எழுதுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, நாம் காலங்காலமாக எழுதுவதுதான். அதற்குப் பக்கத்தில் நாளை என்ன தொகை வரப்போகிறது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. அதுதான் மனசை அரிக்கிறது.

மார்ச் 14

வெளிநடப்பு.

நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசிக்க எழுந்ததுமே எங்கள் அ.தி.மு.க. ஆட்கள் டாஸ்மாக் விவகாரத்தைக் கிளப்பினார்கள். பேரவைத் தலைவர் அனுமதிக்கவில்லை. கோஷம் போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். பா.ஜ.க.வினரும் போனார்கள். ஆயிரம் கோடி முறைகேடு என்று அமலாக்கத்துறை சொல்லும்போது அதைக் கேட்காமல் இருக்க முடியாது, கேட்க வேண்டும். ஆனால் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என்று அந்த அறிக்கை சொல்கிறது. அடுத்த மார்ச் முடிவில் கடன் 9.29 லட்சம் கோடி என்று சொல்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி. இந்தக் கணக்கை முகத்துக்கு நேராக உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுக் கேட்க வேண்டிய வரிசைகள் காலி. வாசலில் மைக் முன்னால் சொல்வது நாளைய பேப்பரில் வரும். அவைக் குறிப்பில் ஏறாது.

பள்ளிக்கல்விக்கு டெல்லி நிறுத்தி வைத்த 2,152 கோடியை மாநிலம் தன் கையிலிருந்தே கொடுத்தது என்றும் அறிக்கையில் இருக்கிறது. அது நல்ல காரியம். எந்தப் பக்கம் இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ராத்திரி மாப்பிள்ளை வந்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர். “என்ன மாமா, உங்க ஆளுவ எல்லாம் வெளிய போயிட்டாவ போல?” என்றார். “மேசையத் தட்ட மட்டும் உள்ள ஆள் இருந்தா போதுமா மாப்பிள?” என்றேன். மகள் உள்ளேயிருந்து வந்து டிவியை அணைத்துவிட்டாள்.

மார்ச் 15

வேளாண் பட்ஜெட், 45,661 கோடி. எங்கள் ஊர்ப் பெயர் வராது என்று தெரியும். இருந்தும் கடைசி வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 16

வலி. மாத்திரையில் அடங்கவில்லை.

மார்ச் 17

பேரவைத் தலைவர் அப்பாவு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். துணைத் தலைவர் பிச்சாண்டி அவையை நடத்தினார். குரல் வாக்கெடுப்போடு விடாமல், ஆளை எழுப்பி எண்ணும் டிவிஷன் கேட்டார்கள். ஆதரவு 63, எதிர்ப்பு 154.

முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் எண்ணச் சொன்னது சரிதான் என்பேன். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்பாவு நம்ம ராதாபுரத்துக்காரர், 2016ல் 49 ஓட்டில் தோற்று நீதிமன்றம் வரைக்கும் போனவர். ஒரு ஓட்டின் மதிப்பை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பட்ஜெட் மீது விவாதம் தொடங்கிய நாளும் இதுதான். என்ன பேசினார்கள் என்று செய்தியில் தேடினேன். இரண்டு வரி இருந்தது.

மார்ச் 19

ஊரிலிருந்து போன். “அண்ணாச்சி, கரைக்கு எதாவது வந்திருக்கா?”

வந்திருக்கா என்று கேட்கும் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. நான் சட்டமன்ற உறுப்பினராக இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, இன்னும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் உடைந்த கரை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் பெரியகுளத்தில் மிகுநீர் போகும் மறுகால் தாங்காமல் தெற்கு மடைக்குப் பக்கத்தில் கரை பிய்த்துக்கொண்டு போனது. மணல் மூட்டை அடுக்கினார்கள். அந்த மூட்டைதான் இன்றைக்கும் நிற்கிறது. சாக்கு வெயிலில் இற்று, தொட்டால் நூல் நூலாகக் கையோடு வருகிறதாம். மூட்டைகளின் இடுக்கில் வேலிக்கருவை முளைத்து ஆள் உயரம் நிற்கிறது. மடைக் கல்லில் விரல் நுழைகிற விரிசல். போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தடவை சென்னைப் புயல், தென்மாவட்ட மழை இரண்டு பேரிடருக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி. டெல்லி தேசியப் பேரிடர் நிதியிலிருந்து விடுவித்தது 276 கோடி. மாப்பிள்ளை டெல்லியைக் கைகாட்டுவார். எங்கள் ஆட்கள் கோட்டையைக் கைகாட்டுவார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. கரையில் மூட்டை இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது காலக் கணக்கைத்தான். பிசான நெல் அறுத்தாயிற்று. ஜூன் 1ஆம் தேதி வாக்கில் கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். குளம் காய்ந்து கிடக்கும் இந்த இரண்டரை மாதத்தில்தான் கரையில் மண் போட முடியும், மடையைக் கட்ட முடியும். இந்த இரண்டரை மாதத்துக்குள்தான் துறைக்குப் பணம் கேட்டு அவையில் வைக்கும் மானியக் கோரிக்கை, அமைச்சர் அறிவிப்பு, மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், அரசாணை, டெண்டர் எல்லாம் நடக்க வேண்டும். ஒரு இடத்தில் கோப்பு தங்கிவிட்டால் ஒரு பூ, ஒரு போகம் போச்சு. அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கோட்டையில் ஒரு நாள் கூச்சலில் போவதை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

“உங்க எம்.எல்.ஏ. நிதியில செய்யக் கூடாதா” என்று அந்தக் காலத்தில் கேட்பார்கள். இப்போது தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி. ஒரு தொகுதியில் எத்தனை ஊர், எத்தனை வகுப்பறை, எத்தனை சாலை. குளத்துக் கரைக்கு அது காணாது.

மார்ச் 21

மாப்பிள்ளை நதிநீர் இணைப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு. போன மாதம் திறந்தார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். திசையன்விளை பக்கத்துத் தேரிக்காட்டுக்கு வெள்ளநீர் போகிறது என்றால் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. 2009ல் 369 கோடியில் தொடங்கிய வேலை 1,060 கோடியில் முடிந்தது. நடுவில் இரண்டு கட்சியும் ஆண்டார்கள். ஒருத்தர் தொடங்கியதை அடுத்தவர் வேகமாக முடித்திருந்தால் மிச்சமான பணத்தில் எத்தனை குளத்துக்குக் கரை கட்டியிருக்கலாம்? நான் இதைக் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. போகும்போது, “போட்டோவ எனக்கும் அனுப்புங்க மாமா” என்றார்.

மார்ச் 25

1989ல் இதே தேதி. கலைஞர் நிதிநிலை அறிக்கை வாசிக்க எழுந்த நாள். அவையில் அடிதடி. ஜெயலலிதா தலை கலைந்து வெளியே வந்தார். இனி முதல்வராகத்தான் உள்ளே வருவேன் என்றார், இரண்டு வருடத்தில் வந்தார். அன்று நடந்ததை இரண்டு தரப்பும் இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்கின்றன. நான் கட்சிக் கூட்டங்களில் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மார்ச் 28

தையல் பிரித்தார்கள். நடக்கலாமாம், வாக்கரோடு.

ஏப்ரல் 1

புது நிதியாண்டு. போன ஆண்டு ஒதுக்கி, செலவாகாமல் கிடந்ததெல்லாம் நேற்றோடு போயிற்று.

ஏப்ரல் 4

தூக்கம் இல்லை. பழைய வெட்டுத் தீர்மானங்களின் நகல் பெட்டியில் இருக்கிறது. மகளை எடுத்துத் தரச் சொன்னேன்.

இப்போது பலருக்கும் இது என்னவென்றே தெரியாது. ஒரு துறையின் மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். குறையப் போவதில்லை. ஆனால் அந்த 100 ரூபாயைச் சாக்காக வைத்து எங்கள் ஊர் வாய்க்காலும் பாலமும் பேரவைப் பதிவேட்டில் ஏறும். அதிகாரிகள் மாடத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார். அதுக்குத்தான் அவ்வளவு பாடும். பெயர் கூப்பிடும்போது நாம் உள்ளே இருக்க வேண்டும். வெளிநடப்பில் நின்றுகொண்டிருந்தால் அந்தத் தீர்மானம் முன்மொழியப்படாமலே போகும். துறை மானியம் ‘ஆம் என்போர்’ குரலில் ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிடும்.

ஒரு தடவை அப்படி எழுதிக் கொடுத்த பாலத்தைப் பற்றி, எதிர்வரிசை அமைச்சர் லாபியில் என் கையைப் பிடித்து நிறுத்தி, “அது எந்த ஆத்துல வருது?” என்று கேட்டார். நின்ற இடத்திலேயே செயலாளரைக் கூப்பிட்டார். பாலம் வந்தது. அன்று காலையில்தான் அவரும் நானும் அவையில் கத்திக்கொண்டோம். கத்தியது பொய்யில்லை. அதற்குப் பிறகு நின்று கேட்டதும் பொய்யில்லை. இன்றைக்கு லாபியில் அப்படி ஒருவர் நின்றால் போட்டோ எடுத்துக் கட்சி மாறப்போகிறார் என்று போட்டுவிடுவார்கள். உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். இந்தப் பயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது.

ஏப்ரல் 8

வாக்கரில் வாசல் வரைக்கும் போனேன்.

ஏப்ரல் 12

நேற்று சென்னையில் கூட்டணி அறிவிப்பு. இன்று நம்ம திருநெல்வேலி உறுப்பினர் நயினார் நாகேந்திரன் பா.ஜ.க. மாநிலத் தலைவர். அப்பாவு ராதாபுரம், இவர் திருநெல்வேலி. அவையின் இரண்டு பக்கத்திலும் நம்ம மாவட்டத்துக்காரர்கள் இவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள். ஒரே மழையில் நனைந்த தொகுதிகள். காலையிலிருந்து வருகிற போன் எல்லாம் அடுத்த வருடத்துத் தேர்தலில் யாருக்கு எந்தத் தொகுதி என்றுதான். கரையைப் பற்றி நான் பேச்செடுத்தால், “அது கிடக்கட்டும் அண்ணாச்சி” என்கிறார்கள்.

கிடக்கக் கூடாது. நீர்வளத்துறை மானியம் முடிந்துபோயிற்று. இனி அறிவிப்புக்குள் எங்கள் குளத்தை நுழைக்கும் வழி கோட்டையில் நேரில் போய் நிற்பது ஒன்றுதான்.

ஏப்ரல் 14

சித்திரை விசு. மாப்பிள்ளை, மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையைத் தனியே உட்கார வைத்துச் சொன்னேன். ஒரே மனு. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கையெழுத்து, எங்கள் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கையெழுத்து, கீழே ஊர் நீர்ப்பாசனச் சங்கம். தலைப்பில் ஒரு தலைவர் படமும் வேண்டாம். மடை, கரை, அளவு, மதிப்பீடு, போட்டோ, அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க ஆளு போட்டுருவாரு மாமா. உங்க ஆளு எங்களுக்குக் கீழ போடுவாரா?”

“பக்கத்துல பக்கத்துல போடச் சொல்லுவோம்” என்றேன்.

ஏப்ரல் 15

பாசனப் பிரிவு அலுவலகத்தில் மதிப்பீட்டு நகல் கேட்டு ஊரிலிருந்து ஆள் போயிருக்கிறது. இல்லை என்று சொன்னால் அங்கேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 17

நகல் கிடைத்துவிட்டது. மடைக்குத் தனியாக, கரைக்குத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். சேர்த்துப் போட்டிருந்தால் ஒரே அரசாணை போதும். இதைத் திருத்த இரண்டு நாள் ஆகும்.

எங்கள் பக்கத்து உறுப்பினரிடம் பேசினேன். முதலில், கட்சியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் அப்பா காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். “தம்பி, ஜூன் ஒண்ணாந்தேதிக்கு யாரைக் கேப்பிய?” என்றேன். சத்தமே இல்லை. அப்புறம், “சரி அண்ணாச்சி, மனுவ எடுத்துட்டு எம்.எல்.ஏ. ஹாஸ்டலுக்கு வரச் சொல்லுங்க, எட்டு மணிக்கு முன்ன” என்றார்.

மாப்பிள்ளைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று, வெயிட்டிங் லிஸ்ட்.